மூன்று பந்தும் மேலே

ஜூன் 4

அன்புள்ள அண்ணிக்கு,

அங்கே மூவரும் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து கொண்டிருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசு மட்டும் அப்பாவின் கட்டில் காலடியில் உட்கார்ந்துகொண்டு எழுந்துவர மறுக்கிறது.

ஏன் போன் செய்யாமல் கடிதம் எழுதுகிறாள் என்று கேட்பீர்கள். போன் எடுத்தால் அண்ணன் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறான். அப்பா கேட்டுக்கொண்டிருக்கும்போது நீங்கள் "நல்லா இருக்காரு" என்பீர்கள், நான் "சந்தோஷம்" என்பேன். கடல் தாண்டி வரும் தபால் பத்துப் பன்னிரண்டு நாள் எடுத்துக்கொண்டாலும் இதில் உண்மை எழுதலாம்.

அப்பாவுக்குக் குடலில் வெட்டித் தைத்த இடம் ஆறும்வரை வயிற்றில் மலம் சேரும் அந்தப் பை இருக்கும். நான்கு மாதம் கழித்து இன்னொரு ஆபரேஷன் செய்து பையை எடுத்துவிடுவார்கள். ஆனால் அதற்கு நுரையீரல் தயாராக இருக்க வேண்டும். வலிக்குப் பயந்து மேலோட்டமாகவே மூச்சு வாங்கினால் அடிப்பகுதிக்குக் காற்று போகாது. போகாத இடம் நனைந்த பை போல ஒட்டிக்கொள்ளும். பிறகு சளி, காய்ச்சல், எல்லாம் வரிசையாக வரும். வார்டில் மூச்சுப் பயிற்சி கொடுத்து இதைத் தடுப்பதுதான் பதினோரு வருஷமாக என் பிழைப்பு.

மூச்சுப் பயிற்சிக்கென்று ஆஸ்பத்திரியில் கொடுத்த மூன்று பந்துக் கருவி போதும். அப்பாவுக்குத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். கட்டிலுக்கு எதிரே ஒட்டிவிடுங்கள்.

"முதுகை நிமிர்த்தி உட்காரவும். குழாயை உதட்டால் இறுகக் கவ்விக்கொள்ளவும். மெதுவாக, ஆழமாக மூச்சு விடவும். மூன்று பந்தும் மேலே போய் நிற்க வேண்டும். விழித்திருக்கும்போது மணிக்குப் பத்து தடவை. முடிந்ததும் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இரண்டு முறை இருமவும்."

தினமும் எத்தனை தடவை என்று எழுதி எனக்கு அனுப்புங்கள். உங்களை நம்பாமல் கேட்கவில்லை, அண்ணி. எண்ணிக்கை பார்ப்பது என் தொழில் புத்தி.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்


ஜூன் 20

அன்புள்ள பொடிசுக்கு,

உன் கடிதம் பத்திரமாக வந்து சேர்ந்தது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? உன் அண்ணனுக்குப் பணிமனையில் இந்த மாதம் விடிகாலை ஷிப்ட். எனக்கு அலுவலகத்தில் சான்றிதழ்கள் குவிந்து கிடக்கின்றன. ஆயிரத்து இருநூறு மாணவர்களின் பெயரைப் பிழையில்லாமல், எல்லாம் ஒரே கை போல எழுத வேண்டும். விரல் மரத்துப்போனால் மாமாவின் கருவியை நினைத்துக்கொள்கிறேன். அவர் அலுக்காமல் செய்கிறார்.

உன் தாளை நான் ஒட்டவில்லை, அவரே ஒட்டினார். நான்கு மூலையும் நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தார். டிரில் மாஸ்டர் இல்லையா. யார் பார்க்க வந்தாலும் முதலில் அந்தத் தாளைத்தான் காட்டுகிறார். "என் பொண்ணு எழுதினது. ஆஸ்பத்திரிக்காரங்களுக்கே சொல்லிக் கொடுக்கிறவ அவ." படுத்தே கிடந்த மனிதர் அந்தத் தாள் வந்த பிறகுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

முதல் இரண்டு நாள் பந்து அசையவே இல்லை என்று முகம் சுண்டிப்போயிருந்தார். மூன்றாம் நாள் உள்ளேயிருந்து "மூணும் மேல" என்று சத்தம் கேட்டது. ஏதோ உத்தியைக் கண்டுபிடித்துவிட்டார் போலிருக்கிறது. யாராவது பார்த்தால் எண்ணிக்கை தவறுகிறதாம், கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்கிறார். எண்ணிக்கையை அவரே சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். நாளுக்கு நூற்றுப் பத்து. தனித் தாளில் வைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி


ஜூலை 3

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்களும் அண்ணனும் நலமாக இருக்க வேண்டும். இங்கே வெயில் கொஞ்சம் குறைந்திருக்கிறது. வார்டில் வேலை குறையவில்லை.

எண்ணிக்கைத் தாளைப் பார்த்தேன். ஒளிக்காமல் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இரண்டு நாள் அசையாத பந்து மூன்றாம் நாள் மூன்றாக மேலே போய் நிற்குமா? இங்கே நாற்பது வயதுக்காரர்கள் இரண்டாவது பந்துக்கே முழி பிதுங்குகிறார்கள். அப்பாவுக்கு எழுபத்திரண்டு. அது மட்டுமில்லை. எல்லா நாளும் நூற்றுப் பத்து. ஒரு நாளாவது நூற்றெட்டு வரக் கூடாதா? ஒரு நாளாவது தூங்கிப்போகக் கூடாதா? ஐந்து நாள் கணக்கும் ஒரே பேனாவில் ஒரே மூச்சில் எழுதியது போல் இருக்கிறது.

உங்களுக்கு அலுவலக வேலை, வீட்டு வேலை, பை மாற்றும் வேலை எல்லாம் இருக்கிறது. எனக்குத் தெரியாமல் இல்லை. செய்ய முடியாத நாளில் முடியவில்லை என்றே எழுதுங்கள். நல்ல எண்ணிக்கையை விட உண்மையான எண்ணிக்கைதான் எனக்கு வேண்டும். இனி அவர் செய்யும்போது நீங்கள் அறைக்குள் இருங்கள்.

அப்பாவுக்கு என் அன்பு.

உங்கள் நாத்தனார்


ஜூலை 21

அன்புள்ள பொடிசுக்கு,

நீ நன்றாக இருக்கிறாய் என்று எழுதினால் எங்களுக்கு அதுவே போதும்.

மாமாவுக்கு நான்கு நாள் காய்ச்சல். இப்போது விட்டுவிட்டது, பயப்படாதே. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இடது பக்கம் அடியில் காற்று சரியாகப் போகவில்லை என்றார்கள். பயிற்சி செய்கிறாரா என்று கேட்டார்கள். தினமும் செய்கிறார் என்று சொன்னேன். அது உண்மை. நீ சொன்ன மாதிரி இப்போது கதவுப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

உன்னிடம் ஓர் உதவி. நீ எழுதிய தாளில் எண்ணெய் பட்டு எழுத்து அழிந்துவிட்டது. அதையே இன்னொரு தடவை எழுதி அனுப்ப முடியுமா? இந்தத் தடவை கொஞ்சம் விளக்கமாக எழுது. மூச்சு எப்போது உள்ளே, எப்போது வெளியே, கருவியை எந்தப் பக்கம் பிடிப்பது எல்லாம் போட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல எழுது. மாமாவுக்கு நீ எழுதியதுதான் சட்டம். வேறு யார் சொன்னாலும் எடுபடாது.

மறந்துவிடாதே. இந்தத் தபாலிலேயே அனுப்பினால் நல்லது.

அண்ணி


ஆகஸ்ட் 2

அன்புள்ள அண்ணா,

நீ நலமா? முதுகுவலி தேவலையா? இந்தக் கடிதத்தை உன் பணிமனை முகவரிக்கு அனுப்புவதிலிருந்தே விஷயம் புரிந்திருக்கும். அண்ணியிடம் இதைப் பற்றி மூச்சு விடாதே.

அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது, நுரையீரல் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சரியாகப் பயிற்சி செய்கிறவருக்கு இது வராது. அண்ணி அனுப்பும் எண்ணிக்கையைப் பார்த்தால் அப்பா மலையேறலாம். இரண்டில் ஏதோ ஒன்று பொய். படம் பொய் சொல்லாது.

போன கடிதத்தில் அண்ணி, சுவரில் ஒட்டிய தாள் எண்ணெய் பட்டு அழிந்துவிட்டது என்கிறார். கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் எண்ணெய் எங்கிருந்து வரும்? புதிதாக எழுதச் சொல்கிறார், அதுவும் சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல. ஒன்றரை மாதமாகச் செய்கிறவர்களுக்கு இப்போது எதற்கு முதல் பாடம்? நான் அனுப்பப்போவதில்லை. நீ அந்தத் தாளைப் பார்த்து எனக்கு எழுது. அப்பாவும் அண்ணியும் எப்படி இருக்கிறார்கள் என்றும் கொஞ்சம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்.

அண்ணி கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. களைத்துப்போனவர்கள் சமாளிப்பார்கள். வார்டில் தினமும் பார்க்கிறேன்.

உன் தங்கை


ஆகஸ்ட் 17

பொடிசு,

நான் நலம். முதுகு அப்படியேதான் இருக்கிறது.

தாள் பளிச்சென்று இருக்கிறது. எண்ணெயும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஒவ்வோர் எழுத்தும் படிக்க முடிகிறது. அவள் ஏன் அப்படி எழுதினாள் என்று எனக்கு விளங்கவில்லை. நான் கேட்கவுமில்லை, நீதான் கேட்காதே என்றாயே.

அப்பாவுக்கும் அவளுக்கும் ஏதோ முறைப்பு. கதவுக்குப் பின்னால் தாழ்ந்த குரலில் வாக்குவாதம் கேட்கும். நான் உள்ளே போனால் இருவரும் ஜன்னலைப் பார்ப்பார்கள். ஒரு தடவை அப்பா சொன்னது மட்டும் காதில் விழுந்தது. "உனக்கு என்ன தெரியும்? சுவத்துல என்ன எழுதியிருக்குன்னு படி." இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் எதையோ திரும்பத் திரும்ப எழுதிப் பழகிக்கொண்டிருந்தாள். நான் கிட்டே போனதும் சான்றிதழ்க் கட்டுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

கெட்ட செய்தியைக் கடைசிக்கு வைத்தேன். மயக்க மருந்து டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். இந்த நுரையீரலோடு ஆபரேஷன் மேசையில் படுக்க வைக்க மாட்டாராம். நவம்பர் கடைசியில் மறுபடி பார்ப்பார்கள். அப்போதும் இப்படியே இருந்தால் பை ஆயுசுக்கும்தான் என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பா வயிற்றைத் துண்டால் மூடிக்கொண்டே வந்தார். பேருந்தில் யாரும் பார்க்கக்கூட இல்லை.

அண்ணன்


ஆகஸ்ட் 29

அண்ணிக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை, மன்னியுங்கள்.

தாள் அழியவில்லை. பளிச்சென்று இருக்கிறதாம். எனக்கு ஆள் சொல்லித்தான் தெரிய வேண்டியிருக்கிறது. நீங்கள் ஏன் பொய் எழுதினீர்கள்? எண்ணிக்கையும் அப்படித்தானா? நூற்றுப் பத்து, நூற்றுப் பத்து என்று நீங்கள் எழுத எழுத, அப்பாவின் நுரையீரல் அங்கே சுருங்கிக்கொண்டிருந்தது. இப்போது ஆபரேஷன் கிடையாது என்கிறார்கள். நாற்பது வருஷம் மடிப்புக் கலையாத சட்டை போட்டவர், சாகிறவரை வயிற்றில் பையோடு நடக்க வேண்டுமா?

அவரோடு வாக்குவாதம் செய்ய நேரம் இருக்கிறது. மணிக்குப் பத்து தடவை எண்ண நேரம் இல்லையா? முடியாவிட்டால் சொல்லியிருக்கலாம். ஓர் ஆள் வைத்திருப்பேன். நான் அங்கே இல்லாததால்தானே இதெல்லாம்.

பதில் எழுதுங்கள். எண்ணிக்கை வேண்டாம்.

நாத்தனார்


அக்டோபர் 6

மகளுக்கு,

நலம். நீயும் அவ்வாறே இருப்பாய் என எதிர்பார்க்கிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. இது புகார்க் கடிதம், ஆகவே எழுதுகிறேன்.

உன் அண்ணி உன் கையெழுத்தில் ஒரு போலித் தாள் தயாரித்து, உன் தாள் இருந்த இடத்தில் ஒட்டியிருக்கிறாள். சென்ற வாரம் நான் குளித்துவிட்டு வருவதற்குள் நடந்தது. "புதுசா வந்திருக்கு மாமா, உங்க பொண்ணு அனுப்பினா" என்றாள். கையெழுத்தில் குறை சொல்ல முடியாது. அசல் உன் கைதான். ஆனால் அந்தத் தாளில் மடிப்பு இல்லை. உன் கவரில் வருகிற தாள் மூன்றாக மடிந்து வரும். முப்பத்தொரு வருஷம் பிள்ளைகளின் சட்டை மடிப்பைப் பார்த்தவனிடம் இந்த விளையாட்டா?

உன் பழைய தாளைக் குப்பைக் கூடையிலிருந்து எடுத்து மறுபடி ஒட்டிவிட்டேன். அதிலிருப்பது மனப்பாடம். "மெதுவாக, ஆழமாக மூச்சு விடவும். மூன்று பந்தும் மேலே போய் நிற்க வேண்டும்." அதன்படி ஒவ்வொரு தடவையும் உள்ளே இருப்பதைக் கடைசிச் சொட்டுவரை வெளியே விடுகிறேன். நேராகப் பிடித்தால் பந்து எழவில்லை. கருவியைத் தலைகீழாகப் பிடித்து ஊதினேன், எழுந்தது. தினம் நூற்றுப் பத்து. ஒன்று கூடக் குறைந்ததில்லை.

இவள் போலித் தாளில் எழுதியிருப்பதைப் பார். "மெதுவாக, ஆழமாக மூச்சை உள்ளே இழுக்கவும். மூன்று எண்ணும்வரை உள்ளேயே பிடித்து வைக்கவும். பிறகு மெல்ல வெளியே விடவும். கருவியைத் தலைகீழாகப் பிடிக்கக் கூடாது." நான் தலைகீழாகப் பிடிப்பது உனக்கு எப்படித் தெரியும்? கதவிடுக்கில் பார்த்தவளுக்குத்தான் தெரியும். வகையாக மாட்டிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரனுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்களாம், அதைப் பார்த்து வந்து ஜூலையிலிருந்து என் உயிரை எடுக்கிறாள். ஊரார் பிள்ளைகளுக்குச் சொல்வதும் என் மகள் எனக்காக எழுதியதும் ஒன்றா? அவளோடு நான் இப்போது பேசுவதில்லை. போலித் தாளை மடிக்காமல், பெரிய கவரில் சாட்சியாக இணைத்திருக்கிறேன். நீ ஒரு கடிதம் போட்டு அவளைக் கண்டிக்கவும்.

அப்பா


அக்டோபர் 18

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் கையெழுத்தைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று.

அந்த இரண்டாவது தாள் போலி இல்லை. நான் எழுதியதுதான். அண்ணிக்கு வேறொரு கடிதம் எழுதியபோது அதோடு வைத்து அனுப்பினேன். முதல் தாள் முதல் கட்டத்துக்கு. இது அடுத்த கட்டம். இனி இதன்படிதான் செய்ய வேண்டும். கருவியை நேராகப் பிடியுங்கள். மூச்சை உள்ளே இழுங்கள். பந்து ஒன்றுதான் எழுகிறது என்றால் ஒன்றே போதும், அவசரமில்லை. பிடித்து வைப்பதுதான் முக்கியம். அந்த மூன்று எண்ணிக்கையில்தான் ஒட்டியிருக்கும் இடம் விரியும். தலைகீழாக இனி ஒரு தடவைகூட வேண்டாம்.

பழைய தாளைக் கிழித்துவிடுங்கள். சாட்சித் தாளைத் திருப்பி அனுப்புகிறேன், அதை ஒட்டுங்கள்.

அண்ணி மேல் தவறில்லை. அவரோடு பேசுங்கள்.

உங்கள் மகள்


நவம்பர் 22

மகளுக்கு,

நலம். நேற்றுப் புதுப் படம் எடுத்தார்கள். இடது பக்கம் அடிவரை காற்றுப் போகிறது. மயக்க மருந்து டாக்டர் முதுகில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு, "ஐயா, இது வேற ஆளோட நுரையீரல் மாதிரி இருக்கே" என்றார். டிசம்பர் 12 ஆபரேஷன். இரண்டு பந்துதான் எழுகிறது. மூன்றாவது எழாவிட்டாலும் பரவாயில்லை என்று இப்போது தெரியும்.

அடுத்தது. நீ எழுதியதாகச் சொன்ன தாளில், நான் உனக்கு அனுப்பியபோது மடிப்பு இல்லை. இப்போது மூன்றாக மடித்த தடம் இருக்கிறது, ஏனென்றால் அது இப்போதுதான் முதல் தடவையாக உன் கவரில் பயணம் செய்திருக்கிறது. என்னை முட்டாளாக்க நினைத்தாயா, உன்னைக் காப்பாற்றிக்கொள்ள நினைத்தாயா? இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை.

எழுத்தில் வந்த பிழையை நான் பெரிதாக எடுக்கவில்லை. என் பேரிலும் தவறு உண்டு. நீ சொன்னதை யோசிக்காமல் செய்தேன், அவள் சொன்னதைக் கேட்காமல் விட்டேன். மருமகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன். "தப்பு எங்க ரெண்டு பேரோடதும்மா, உன்னுது இல்ல" என்றேன். அவள் பாதி எழுதிய சான்றிதழைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என் பங்கு முடிந்தது. உன் பங்கை நீ எழுது.

இந்தக் கடிதத்தை அவளிடமே தபாலில் போடக் கொடுக்கிறேன். இதில் என்ன எழுதினேன் என்றும் சொல்லியே கொடுக்கிறேன்.

அப்பா


நவம்பர் 24

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? யோசித்துப் பார்த்தேன். இத்தனை கடிதத்திலும் உங்களைத் தனியாக ஒரு தடவைகூட இதைக் கேட்டதில்லை.

ஐந்து வாரமாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழிக்கிறேன். இன்று வார்டில் ஒரு பெரியவர். அவர் பேசும் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவருக்குத் தெரியாது. கருவியைக் கையில் கொடுத்து, தெரிந்த இரண்டு வார்த்தையைச் சொன்னேன். அவர் ஊதினார். எல்லோரும் முதல் தடவை ஊதத்தான் செய்வார்கள். பக்கத்தில் இருந்த நர்ஸ் சிரித்தாள். நான் வெளியே வந்து உட்கார்ந்துவிட்டேன்.

என் தாள் தவறு, அண்ணி. இங்கே நான் பேசும் பாஷையில் இழுப்பதற்கு ஒரு சொல், விடுவதற்கு ஒரு சொல், தப்பவே முடியாது. நம் வீட்டில் இரண்டுக்கும் சேர்த்து "மூச்சு விடு" என்றுதான் சொல்லுவோம். ஓடிவந்தால் "உக்காந்து மூச்சு விடு". அந்தப் பேச்சில் எழுதிவிட்டேன். அப்பா அகராதியில் பார்த்தவர் போல அதையே செய்தார். காற்றை நிரப்ப வேண்டிய இடத்தை மாதக்கணக்கில் காலி செய்துகொண்டிருந்தார், நான் சொல்லி. நீங்கள் ஜூலையிலேயே கண்டுபிடித்துவிட்டீர்கள். "உள்ளே, வெளியே எல்லாம் போட்டு எழுது" என்று கெஞ்சினீர்கள். நான் எண்ணெய்க் கறையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

இதைவிட மோசம் ஒன்றும் செய்தேன். நீங்கள் எழுதிய தாளை நானே எழுதினேன் என்று அப்பாவிடம் சொன்னேன். உங்களைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காப்பாற்றியது என்னைத்தான். அப்பாவின் நுரையீரல் விரிந்தால் அது நீங்கள் எழுதிய நான்கு வரியால். இதை அவருக்கும் தனியாக எழுதி இன்றே அனுப்புகிறேன்.

ஆகஸ்டில் எழுதிய கடிதத்தைத் திரும்ப வாங்க முடியாது. வெட்கமாக இருக்கிறது. மன்னிக்க முடிந்தால் மன்னியுங்கள். முடியாவிட்டாலும் எழுதுங்கள்.

பொடிசு


ஜனவரி 9

அன்புள்ள பொடிசுக்கு,

நாங்கள் மூவரும் நன்றாக இருக்கிறோம். எனக்கு என்ன என்று கேட்டாயே. வலது மணிக்கட்டில் வீக்கம், கண்ணாடி மாற்ற வேண்டும், மற்றபடி ஒன்றுமில்லை.

மாமாவுக்குப் பையை எடுத்துவிட்டார்கள். ஆபரேஷன் முடிந்த மறுநாளே உட்கார வைத்துப் பயிற்சி ஆரம்பித்தார்கள். பயிற்சி கொடுக்க வந்த பெண் "தாத்தா, நல்லா மூச்சு விடுங்க" என்றாள். மாமா கருவியைக் கீழே வைத்துவிட்டு, "உள்ளயா, வெளியயா? தெளிவா சொல்லும்மா, பின்னால தகராறு வரும்" என்றார். உன் அண்ணன் சிரித்துவிட்டார், மாமா தையல் வலியிலும் அவரைப் பார்த்து முறைத்தார். தலையணையைக் கட்டிக்கொண்டு ஒழுங்காக இருமுகிறார். போன வாரம் சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டுக்கொண்டு, கண்ணாடி முன்னால் வெகு நேரம் நின்றார். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

நான் ஏன் உனக்கு நேராக எழுதவில்லை என்று நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். உன் முதல் கடிதத்திலேயே "உங்களை நம்பாமல் கேட்கவில்லை" என்று எழுதியிருந்தாய். நம்புகிறவர்கள் அப்படி எழுத மாட்டார்கள். அதற்குப் பிறகு உன் தாள் தப்பு என்று நான் எழுதினால், செய்யாமல் இருப்பதற்குச் சாக்கு என்றுதான் நினைத்திருப்பாய். எனக்கும் நிச்சயமில்லை. படித்தவள் நீ, வார்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்தவள் நான். மாமா வேறு அந்தத் தாளைப் பார்த்துத்தான் எழுந்து உட்கார்ந்தார், அதைப் பொய் என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால் எண்ணெய் பட்டது என்றேன். பொய்தான். உன் கையெழுத்தைப் போட்டதும் பொய்தான். உன் ஆகஸ்ட் கடிதம் வந்த அன்றுதான் அதை ஒட்டியே தீர்வது என்று முடிவு செய்தேன். உனக்குப் பதில் எழுதினால் என்னென்னவோ எழுதியிருப்பேன்.

அந்தக் கடிதம் எனக்கு வலித்தது. இப்போதும் வலிக்கிறது. இதை எழுதாமல் மன்னித்துவிட்டேன் என்று மட்டும் எழுதினால் அதுவும் எண்ணெய்க் கறை மாதிரி ஆகிவிடும். மன்னித்தும்விட்டேன்.

கடைசியாக ஒன்று. உன் கடிதம் டிசம்பர் முதல் வாரம் வந்தது. நான் உடனே பிரிக்கவில்லை. கவரைத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, முத்திரையில் தேதியைப் பார்த்தேன். மாமாவின் கடிதத்தை 22ஆம் தேதி சாயங்காலம் தபாலில் போட்டவள் நான். அவர் உன்னைப் பிடித்து உலுக்கிய பிறகு எழுதினாயா, நீயாக எழுதினாயா என்று தெரியாமல் எனக்கு அதைப் பிரிக்க மனம் வரவில்லை. உன் முத்திரை 24 என்றிருந்தது. இரண்டு நாளில் எந்தக் கடிதமும் கடல் தாண்டாது. நன்றாகத் தெரிகிறதா என்று உன் அண்ணனையும் பார்க்கச் சொன்னேன், 24தான் என்றார். பிறகு சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன்.

உன்னைச் சந்தேகப்பட்டுத் தேதி பார்த்தேன் என்பதை எழுதாமலே விட்டிருக்கலாம். போன ஜூலையில் அப்படித்தான் எழுதாமல் விட்டேன், ஒரு மனிதர் மூன்று மாதம் தலைகீழாக ஊதிக்கொண்டிருந்தார்.

அண்ணி